உடம்புக்கு என்ன கோபம்?

சித்தி மகளுக்கு லூபஸ் என்று தெரிந்த அன்று, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டாள். நான் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ஏஎன்ஏ ஸ்லைடு, அதாவது செல்லின் உட்கருவைப் பிடிக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று காட்டும் ஸ்லைடு, படிக்கிறவன் என்பதால், சொந்தத்தில் யாருக்கு எந்த ரத்த ரிப்போர்ட் வந்தாலும் என் போனுக்கும் ஒரு நகல் வந்துவிடும். ஏஎன்ஏ 1:640, அதாவது ரத்தத்தின் சீரத்தை அத்தனை மடங்கு நீர்த்த பிறகும் பாசிட்டிவ், ஸ்பெக்கிள்டு பேட்டர்ன். அந்த ஆன்டிபாடிகளின் இலக்குகளில் எஸ்எம் பாசிட்டிவ், ஆர்என்பி பாசிட்டிவ், ரோ பாசிட்டிவ். மூட்டுவலி எதனால், வெயிலில் போய்வந்தால் கன்னம் ஏன் சிவக்கிறது, முடி ஏன் கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது என்று டாக்டர் டாக்டராக அலைந்தவளுக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்திருந்தது. ஆனால் அவள் கேட்டது வேறு. "என் உடம்பே என்னை எதிரின்னு நினைச்சுத் தாக்குதுன்னு டாக்டர் சொல்றார். என் உடம்புக்கு என் மேல என்னண்ணே கோபம்?"

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. மாத்திரையை நிறுத்தக் கூடாது, வெயிலுக்குக் குடை வேண்டும், சிறுநீரில் புரதம் போகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டியதையெல்லாம் அன்றைக்கே சொன்னேன். "உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துவிட்டது" என்ற வாக்கியம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. லூபஸ் பற்றிய துண்டறிக்கைகளிலும் வீடியோக்களிலும் டாக்டர்களின் வாயிலும் அதுதான் வருகிறது. நோயாளிக்குச் சட்டென்று புரியும் என்பதால் சொல்கிறார்கள், அதில் அக்கறையும் இருக்கிறது. ஆனாலும் நான் தினமும் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதோடு அது ஒத்துப்போகவில்லை. கோபம் கண்மண் தெரியாதது. நான் பார்க்கும் ஆன்டிபாடிகளோ, கிருமியைப் பிடிப்பதற்காக உடம்பு செய்யும் அந்தப் புரதங்களோ, அத்தனை துல்லியமாகக் குறிபார்த்து உட்காருகின்றன.

யோசித்துப் பாருங்கள். மனித உடம்பில் புரதங்களுக்கான ஜீன்கள் ஏறத்தாழ 20,000 இருக்கின்றன. உடம்பு தன்னையே அந்நியமாக நினைத்துவிட்டது என்றால் இவற்றில் எது வேண்டுமானாலும் அடிபட வேண்டும். ஒருத்திக்கு ஹீமோகுளோபின், இன்னொருத்திக்குத் தசைப் புரதம், மூன்றாமவளுக்கு முடியில் இருக்கும் கெரட்டின் என்று ஆளுக்கு ஒன்றாகச் சிதறியிருக்க வேண்டும். நடப்பது அதுவல்ல. மதுரையில் எடுத்த ரத்தமானாலும் சரி, டோக்கியோவிலோ மெக்சிகோவிலோ எடுத்த ரத்தமானாலும் சரி, லூபஸ் நோயாளிகளின் ஆன்டிபாடிகளில் பெரும்பங்கு திரும்பத் திரும்பப் போய் நிற்பது ஒரு சில இலக்குகளில்தான். டிஎன்ஏ, அது சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்கள், எஸ்எம், ஆர்என்பி, ரோ, லா. இவற்றில் பெரும்பாலானவை செல்லின் உட்கருவுக்குள், ரெண்டு சவ்வுகளுக்கு அந்தப்பக்கம் பத்திரமாக இருப்பவை. வெளியில் திரியும் ஒரு ஆன்டிபாடி சாதாரணமாகப் போய்ச் சேரவே முடியாத இடம் அது. கைக்கு எட்டும் தூரத்தில் எத்தனையோ புரதங்கள் இருக்க, எட்டாத அறையில் இருக்கும் இவற்றை ஏன் தேடிப் பிடிக்கிறது?

இருட்டறையில் தெரிவது

ஏஎன்ஏ டெஸ்ட் பல பேருக்குத் தெரிந்ததுதான், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்லைடில் வட்டம் வட்டமாக மனிதச் செல்களை வளர்த்து, அவை கலையாமல் நிலைப்படுத்தி, ஆன்டிபாடி உள்ளே போகும்படி சவ்வில் துளை விழச் செய்திருப்பார்கள். நோயாளியின் சீரத்தை நீர்த்து அதன்மேல் விட்டு, அரைமணி நேரம் வைத்துக் கழுவினால் ஒட்ட வேண்டியது ஒட்டியிருக்கும், மற்றது போய்விடும். பிறகு மனித ஆன்டிபாடியில் மட்டும் ஒட்டக்கூடிய, ஒளிரும் சாயம் சேர்த்த இன்னொரு ஆன்டிபாடியை விட்டுக் கழுவி, இருட்டறையில் ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். 1957-இல் ஜார்ஜ் ஃப்ரியூ இந்த ஒளிரும் முறையை லூபஸுக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு, 1948-இல், மேயோ கிளினிக்கில் மால்கம் ஹார்கிரேவ்ஸ் எலும்பு மஜ்ஜை மாதிரிகளில், இன்னொரு செல்லின் உட்கருவை முழுசாக விழுங்கி வீங்கிக் கிடந்த வெள்ளணுக்களைப் பார்த்திருந்தார். எல்இ செல் என்று பெயர் வைத்தார்கள். லூபஸுக்கும் உட்கருவுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்ற முதல் தடயம் அது.

நாங்கள் ஸ்லைடில் பயன்படுத்தும் ஹெப்-2 செல்லைப் பற்றி ஒன்று சொல்லாமல் கடக்க மனமில்லை. 1950-களில் ஒரு குரல்வளைப் புற்றுக்கட்டியிலிருந்து வளர்த்தது என்றுதான் அதன் பூர்வீகம் எழுதப்பட்டிருந்தது. பிற்பாடு மரபணுச் சோதனை செய்தபோது அது ஹீலா செல் கலந்து ஆக்கிரமித்துக்கொண்ட வளர்ப்பு என்று தெரிந்தது. ஹீலா என்பது 1951-இல் பால்டிமோரில் கர்ப்பப்பைவாய்ப் புற்றால் இறந்துபோன ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணிடமிருந்து, அவரிடம் கேட்காமலேயே எடுத்து வளர்த்த செல். உலகம் முழுக்க லூபஸ் இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உற்றுப் பார்ப்பது அவருடைய உட்கருவைத்தான்.

சரி, ஸ்லைடில் என்ன தெரியும்? சில சீரங்களில் உட்கரு முழுக்க ஒரே சீராகப் பச்சையாக ஒளிரும். பிரிந்துகொண்டிருக்கும் செல்லில் குரோமோசோம் கட்டை இன்னும் பளிச்சென்று தெரியும். அங்கே ஆன்டிபாடி பிடித்திருப்பது டிஎன்ஏவையோ ஹிஸ்டோனையோதான் என்று ஊகிக்கலாம். சிலவற்றில் எண்ணி வைத்த மாதிரிச் சின்னச் சின்னப் புள்ளிகள். பிரியும் செல்லில் அதே புள்ளிகள் நடுவில் வரிசைகட்டி நின்றால் அது குரோமோசோமின் இடுப்புப் பகுதியான சென்ட்ரோமியர், தோல் இறுகும் நோயான ஸ்கிலிரோடெர்மா பக்கம் யோசிக்க வேண்டும். என் தங்கையின் சீரத்தில் தெரிவது போன்ற ஸ்பெக்கிள்டு பேட்டர்னில் உட்கரு முழுக்கக் குருணை தூவிய மாதிரி இருக்கும், ஆனால் பிரியும் செல்லின் குரோமோசோம்கள் மட்டும் இருளாகக் கிடக்கும். அதாவது அவளுடைய ஆன்டிபாடி, குரோமோசோமைத் தொடாமல், அதைச் சுற்றி வேலை செய்துகொண்டிருக்கும் ஏதோ ஒன்றை மட்டும் தேர்ந்து பிடித்திருக்கிறது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இந்த வித்தியாசத்தைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த டெஸ்ட் பாசிட்டிவ் என்று வந்தாலே லூபஸ் என்று நினைத்து அழுகிறவர்கள் உண்டு. 1997-இல் எங் டான் தலைமையில் பல ஆய்வகங்கள் சேர்ந்து நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களின் சீரத்தைச் சோதித்தன. 1:40 நீர்த்தலில் 31.7 சதவீதம் பேருக்குப் பாசிட்டிவ். 1:160-க்குப் போனாலும் 5 சதவீதம். இதைவிட என்னை அசைத்தது 2003-இல் ராக்கெஃபெல்லர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஹெட்டா வார்டெமன், மிஷெல் நுசென்ஸ்வைக் குழுவின் ஆய்வு. நோயில்லாத மனிதர்களின் எலும்பு மஜ்ஜையில் அப்போதுதான் உருவாகிவரும் பி செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவை செய்யக்கூடிய ஆன்டிபாடிகளைச் சோதித்தார்கள். அவற்றில் 55 முதல் 75 சதவீதம் வரை தன் உடம்பின் பொருளையே பிடிப்பவை. உட்கருவைப் பிடிப்பவையும் அதில் நிறைய. செல்கள் முதிர முதிர, ரெண்டு கட்டச் சோதனைகளில் அவற்றில் பெரும்பாலானவை களையப்படுகின்றன. ஆக, தன்னையே அடையாளம் காணும் ஆன்டிபாடி என்பது லூபஸ் வந்தவருக்கு மட்டும் எங்கிருந்தோ முளைப்பதல்ல. இதைப் படிக்கும் உங்கள் எலும்பு மஜ்ஜையும் இந்த நேரம் அவற்றைச் செய்துகொண்டிருக்கிறது. லூபஸில் நடப்பது, களையப்பட வேண்டிய சில பிழைத்துக்கொள்வதும், பிழைத்தவற்றில் சில பெருகுவதும். ஏன் அந்தச் சில?

நியூ ஹேவன், 1979

இந்த இடத்தில்தான் என் யோசனை திரும்பியது. அதற்குக் காரணம் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் உள்ள ஏல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு வேலை. அதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு அலுக்காது.

1966-இல் எங் டானும் ஹென்றி குங்கெலும் ஒரு லூபஸ் நோயாளியின் சீரத்தில் டிஎன்ஏவையோ ஹிஸ்டோனையோ பிடிக்காத, உட்கருவில் வேறு எதையோ பிடிக்கும் ஆன்டிபாடியைக் கண்டிருந்தார்கள். அந்த நோயாளியின் குடும்பப் பெயரின் முதல் ரெண்டு எழுத்தை வைத்து எஸ்எம் என்று அழைத்தார்கள். ரோ, லா என்ற பெயர்களும் அப்படி நோயாளிகளிடமிருந்து வந்தவைதான். பெயர் வைத்தாயிற்று, லூபஸைக் கண்டுபிடிக்கவும் அது உதவியது. எஸ்எம் பாசிட்டிவ் என்றால் லூபஸ் என்று ஏறக்குறைய அடித்துச் சொல்லலாம். ஆனால் அந்த எஸ்எம் என்ன பொருள், உட்கருவில் என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இதற்கிடையில் 1977-இல் ஃபிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் ஆகியோரின் குழுக்கள் ஜீன்களைப் பற்றிய பழைய எண்ணத்தைக் கலைத்துப் போட்டிருந்தன. ஜீன் ஒரே தொடராக இல்லை, நடுநடுவே தேவையில்லாத துண்டுகள் இருக்கின்றன, ஆர்என்ஏவாகப் படியெடுத்த பிறகு அவற்றை வெட்டியெடுத்து மீதியை ஒட்டித்தான் செல் பயன்படுத்துகிறது என்று தெரியவந்தது. ஸ்பிளைசிங் என்கிறோம். ஒரு எழுத்து பிசகினாலும் புரதம் கெட்டுவிடும் வேலை. இத்தனை துல்லியமாக வெட்டுவது யார் என்பதுதான் அப்போது உயிரியலின் பெரிய கேள்வி.

ஜோன் ஸ்டைட்ஸின் ஆய்வகத்தில் மைக்கேல் லெர்னர் என்று ஒரு மாணவர் இருந்தார், மருத்துவமும் ஆராய்ச்சியும் சேர்த்துப் படித்தவர். லூபஸ் நோயாளிகளின் சீரத்தில் உட்கருவைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் இருக்கின்றனவே, அவற்றைக் கொண்டே உட்கருவுக்குள் இருப்பதை வெளியே இழுத்துப் பார்த்தால் என்ன என்று அவர்கள் இறங்கினார்கள். ஏலில் மூட்டுநோய் மருத்துவராக இருந்த ஜான் ஹார்டினிடமிருந்து சீரம் கிடைத்தது. கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏற்றிய எலிப் புற்றுச்செல்களைக் கரைத்து, அந்தக் கரைசலில் நோயாளியின் சீரத்தைக் கலந்து, ஆன்டிபாடியோடு ஒட்டிக்கொண்டு வருவதையெல்லாம் படியவைத்து எடுத்து, அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினார்கள். புரதம்தான் வரும் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆனால் ஜெல்லில் தெளிவான கோடுகளாக வந்து நின்றவை ஆர்என்ஏக்கள். எஸ்எம் ஆன்டிபாடி இழுத்துவந்தவை யூ-1, யூ-2, யூ-4, யூ-5, யூ-6 என்ற சின்ன ஆர்என்ஏக்கள். ஆர்என்பி ஆன்டிபாடி யூ-1-ஐ மட்டும் இழுத்துவந்தது. ஆன்டிபாடி பிடித்தது புரதத்தைத்தான். அந்தப் புரதங்கள் ஆர்என்ஏவோடு சேர்ந்து ஒரு துகளாக வாழ்கின்றன. எஸ்எம் அந்த ஐந்து ஆர்என்ஏக்களையும் தாங்கும் துகள்களுக்குப் பொதுவான அடிப்பாகம், ஆர்என்பி யூ-1 துகளுக்கு மட்டும் உரியது.

அப்புறம் அவர்கள் யூ-1 ஆர்என்ஏவின் முனையைப் பார்த்தார்கள். ஜீனில் வெட்ட வேண்டிய இடத்தில் இருக்கும் எழுத்துகளோடு அது ஜோடி சேரும்படி இருந்தது. 1980-இல், இந்தத் துகள்கள்தான் ஸ்பிளைசிங்கில் ஈடுபடுகின்றனவா என்று கேட்டுக் கட்டுரை எழுதினார்கள். மூன்று ஆண்டுகளில் சோதனைகளிலும் நிரூபணமானது: 1983-இல், செல் சாற்றில் நடக்கும் ஸ்பிளைசிங் வேலை நோயாளிகளின் அதே சீரத்தைச் சேர்த்ததும் தடைபட்டது. உயிரியலின் பெரிய கேள்விக்கான சாவி, முகத்தில் சிவப்பும் மூட்டில் வீக்கமுமாக மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களின் ரத்தத்தில் இருந்திருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குள் ஒன்று மாறியது. அந்த ஆன்டிபாடிகளை இத்தனை நாளும் நோயின் அடையாளமாக மட்டும்தான் பார்த்திருந்தேன். ஆனால் என்ன வேலை செய்கிறது என்று எந்த விஞ்ஞானிக்கும் தெரியாதிருந்த ஒன்றை, அதுவும் எலியின் செல்லிலிருந்து, ஒரு மனிதப் பெண்ணின் ஆன்டிபாடி பிரித்தெடுத்திருக்கிறது. எலிக்கும் மனிதருக்கும் இடையே கோடிக்கணக்கான ஆண்டுகளாக மாறாமல் வந்த பகுதியை அது அறிந்து பிடித்திருக்கிறது. இது ஏதோ ஒரு ஆன்டிபாடிக்கு நேர்ந்த தற்செயல் என்றும் சொல்ல முடியாது. 1978-இல் லூபஸ் சீரம் கொண்டு கண்டறிந்த பிசிஎன்ஏ என்ற புரதம், டிஎன்ஏ நகலெடுக்கும் இயந்திரத்தின் முக்கியப் பாகம் என்று பின்னால் தெரிந்தது. சென்ட்ரோமியரின் புரதங்களை வில்லியம் எர்ன்ஷாவும் நவோமி ராத்ஃபீல்டும் 1985-இல் முதலில் அடையாளம் கண்டது ஸ்கிலிரோடெர்மா நோயாளிகளின் சீரத்தால்தான். எங் டான் 1989-இல் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்றில் இதைச் சேர்த்துவைத்துக் காட்டியிருக்கிறார்: முயலுக்கு ஒரு புரதத்தை ஊசியில் ஏற்றிச் செய்யவைக்கும் ஆன்டிபாடி பல சமயம் அதன் ஏதோ ஒரு ஓரத்தைப் பிடிக்கும், நோயாளியின் ஆன்டிபாடியோ அந்தப் புரதம் வேலை செய்யும் இடத்தையே, பரிணாமத்தில் மாறாமல் வந்த இடத்தையே பிடிக்கும் பழக்கம் உள்ளது.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் துல்லியம் கூடிக்கொண்டே போகிறது. எஸ்எம் என்பது ஏழு புரதங்கள் மோதிரம் போலச் சேர்ந்து ஆர்என்ஏவைச் சுற்றி நிற்கும் அமைப்பு. அதில் டி-1, டி-3 என்ற ரெண்டு புரதங்களின் வால்பகுதியில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் திரும்பத் திரும்ப வரும். அந்த ஆர்ஜினின்களின் மேல் செல் ரெண்டு மெத்தில் தொகுதிகளைச் சமச்சீராக ஒட்டி வைக்கிறது. 2000-இல் ஜெர்மனியில் ரைன்ஹார்ட் லூர்மனின் குழு காட்டியது இதுதான்: எஸ்எம் ஆன்டிபாடிகளின் ஒரு முக்கிய இலக்கு மெத்தில் ஒட்டிய அந்த வால். மெத்தில் இல்லாத வெறும் ஆர்ஜினினாக அதே வாலைச் செய்து வைத்தால் பிடிப்பு போய்விடுகிறது. டிஎன்ஏவைப் பிடிக்கும் ஆன்டிபாடியிலும் ஆர்ஜினின்தான் கதாநாயகன், ஆனால் அங்கே அது ஆன்டிபாடியின் பக்கம் இருக்கிறது. டிஎன்ஏவின் முதுகெலும்பு எதிர்மின்னூட்டம் கொண்டது, ஆர்ஜினின் நேர்மின்னூட்டம் கொண்டது. லூபஸ் எலிகளில் பி செல் பெருகும்போது அதன் ஆன்டிபாடி ஜீனில் மாற்றங்கள் நேர்ந்து, ஆர்ஜினின்கள் கூடி, பிடி இறுகுகிறது என்று மார்ட்டின் வீகர்ட்டின் குழு 1980-களில் கண்டது. தடுப்பூசி போட்டபின் நம் ஆன்டிபாடி படிப்படியாகக் கூர்மையாகும் அதே முறைதான். எதையோ பார்த்து, திரும்பத் திரும்பப் பார்த்து, தேர்ந்து, கூர்தீட்டிக்கொண்ட அறிதல் அது.

ஏன் இவை மட்டும்

அப்படியானால் அந்த பி செல்லுக்கு உட்கருவைக் காட்டிக்கொடுத்தது யார்? பதிலின் ஒரு பாதி, செல்கள் சாகும் விதத்தில் இருக்கிறது. 1994-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் லிவியா காசியோலா-ரோசன், ஆண்டனி ரோசன் குழு, தோல் செல்களின் மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி அவை திட்டமிட்ட முறையில் சாவதைப் பார்த்தது. சாகும் செல்லின் மேற்பரப்பில் கொப்புளங்கள் எழும்புகின்றன. உள்ளே இருந்த ரோவும் லாவும் யூ-1 துகள்களும் டிஎன்ஏ சுற்றிய ஹிஸ்டோன்களும் அந்தக் கொப்புளங்களில் வந்து குவிகின்றன. எட்டாத அறையில் இருந்தவை வாசலுக்கு வந்துவிடுகின்றன. வெயிலில் போனால் லூபஸ் ஏன் கிளம்புகிறது என்பதற்கும் இதில் ஒரு விளக்கம் இருக்கிறது. சாதாரணமாக, இந்தச் சடலங்களை உடம்பு சட்டென்று அப்புறப்படுத்திவிடும். அதற்கு உதவும் சி1க்யூ என்ற காம்ப்ளிமென்ட் புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லூபஸோ அதைப் போன்ற நோயோ வந்துவிடுகிறது.

மறுபாதிதான் எனக்கு எல்லாவற்றையும் பொருத்தி வைத்தது. லெர்னரின் ஜெல்லில் வந்து நின்ற அந்த ஆர்என்ஏ! லூபஸின் இலக்குகளை வரிசையாகப் பாருங்கள். எஸ்எம்மோடு யூ ஆர்என்ஏ, ரோவோடு ஒய் ஆர்என்ஏ, லாவோடு புதிதாகப் படியெடுத்த சின்ன ஆர்என்ஏக்கள், ஹிஸ்டோனோடு டிஎன்ஏ. முக்கியமானவை எல்லாமே நியூக்ளிக் அமிலத்தோடு சேர்ந்தே பயணம் செய்பவை. நம் செல்களுக்குள், வைரஸ் வந்தால் அதன் ஆர்என்ஏவைக் கண்டுபிடிக்க டிஎல்ஆர்-7 என்றும், டிஎன்ஏவைக் கண்டுபிடிக்க டிஎல்ஆர்-9 என்றும் உணரிகள் இருக்கின்றன. அவை இருப்பது செல் வெளியிலிருந்து விழுங்கியதைச் செரிக்கும் பைக்குள். எஸ்எம் புரதத்தைப் பிடிக்கும் ஒரு பி செல், தான் பிடித்ததை உள்ளே இழுக்கும்போது கூடவே யூ ஆர்என்ஏவும் அந்தப் பைக்குள் போய்விடுகிறது. உள்ளே டிஎல்ஆர்-7 ஆர்என்ஏவைத் தொட்டு, வைரஸ் வந்துவிட்டது, பெருகு என்று சொல்கிறது. ஹீமோகுளோபினைப் பிடித்த பி செல்லுக்கு இந்த இரண்டாவது உத்தரவு கிடைக்காது, அது அடங்கிப்போகும். டிஎன்ஏ பக்கத்தில் இது நடப்பதை ஆன் மார்ஷக்-ராத்ஸ்டைனின் குழு 2002-இல் எலியின் பி செல்களில் காட்டியது. 2022-இல் கரோலா வினுவேசாவின் குழு, கடுமையான லூபஸ் இருந்த ஒரு சிறுமியின் டிஎல்ஆர்-7 ஜீனில் ஒற்றை எழுத்து மாற்றத்தைக் கண்டது. அதே மாற்றத்தை எலியில் வைத்தபோது எலிக்கும் லூபஸ் வந்தது. அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களின் ரெண்டாவது எக்ஸ் பெரும்பாலும் ஓய்வில் இருந்தாலும் சில செல்களில் இந்த ஜீன் அந்த ஓய்விலிருந்து தப்பிவிடுகிறது. லூபஸ் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்களாக இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ரிப்போர்ட்டில் ரோவும் லாவும், எஸ்எம்மும் ஆர்என்பியும், டிஎன்ஏவும் ஹிஸ்டோனும் ஏன் ஜோடிஜோடியாக வருகின்றன என்பதும் இங்கேதான் புரிகிறது. துகளை முழுசாக விழுங்கிய பி செல், அதிலுள்ள எல்லாப் புரதங்களின் துண்டுகளையும், பி செல் பெருக உதவும் டி செல் என்ற வெள்ளணுவுக்கு எடுத்துக் காட்டுகிறது. ஒரு புரதத்துக்கு உதவ வந்த டி செல், அதே துகளின் பக்கத்துப் புரதத்தைப் பிடித்த பி செல்லுக்கும் உதவிவிடுகிறது. இப்படித்தான் அறிதல் ஒரு துகளுக்குள் பரவுகிறது. எங்கே ஆரம்பித்தது என்பதற்கு ஓக்லஹோமாவில் ஜூடித் ஜேம்ஸும் ஜான் ஹார்லியும் பல வருஷம் தேடியிருக்கிறார்கள். எப்ஸ்டைன்-பார் வைரஸின் ஒரு புரதத்தில் இருக்கும் சின்னத் துண்டு ரோவின் ஒரு துண்டோடும், இன்னொரு துண்டு எஸ்எம்மின் ஒரு துண்டோடும் ஆன்டிபாடியின் பார்வையில் ஒன்றுபோல இருக்கிறது. ஆனால் அந்த வைரஸ் உலகில் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு வந்துபோனதுதான், எல்லோருக்கும் லூபஸ் வருவதில்லை. 2003-இல் வெளியான இன்னொரு ஆய்வில், அமெரிக்க ராணுவம் சேமித்து வைத்திருந்த பழைய சீரங்களிலிருந்து, பின்னாளில் லூபஸ் வந்த 130 பேரின் மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். 115 பேருக்கு, நோய் கண்டறியப்படும் முன்பே ஆன்டிபாடி இருந்தது. சிலருக்கு 9 ஆண்டுக்கும் முன்பே. ரோவும் லாவும் முதலில், டிஎன்ஏ அடுத்து, எஸ்எம்மும் ஆர்என்பியும் நோய் வாசலுக்கு வரும் சமயத்தில்.

தங்கையிடம் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை, பல போன் பேச்சில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். கோபம் என்று அங்கே எதுவும் இல்லை, உன் உடம்பு உட்கருவின் துகளை வைரஸ் என்று படித்து, அதற்கு எப்படி வேலை செய்யச் சொல்லிக்கொடுத்திருக்கிறதோ அப்படியே சுத்தமாக வேலை செய்கிறது என்றேன். நீ தினம் சாப்பிடும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் போய் வேலை செய்யும் இடங்களில் ஒன்று அந்தப் பைதான், டிஎல்ஆர்-7-இன் குரலை அது தணிக்கிறது என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு மாத்திரையைப் பற்றி அவள் வேறு விதமான கேள்விகள் கேட்க ஆரம்பித்தாள்.

ரோ

ரோவைப் பற்றித் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. ரிப்போர்ட்டில் ரோ என்று ஒன்றாக எழுதுவது உண்மையில் ரெண்டு வெவ்வேறு புரதங்கள். ரோ-60 வளையம்போல இருந்து, சரியாக மடியாத ஆர்என்ஏக்களைப் பிடிக்கும். ரோ-52 அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று. ஆன்டிபாடி ஒட்டிய வைரஸ் செல்லுக்குள் நுழைந்துவிட்டால் அந்த ஆன்டிபாடியின் வாலைப் பிடித்து வைரஸை அழிக்கக் கொடுப்பது என்று 2010-இல் கேம்பிரிட்ஜில் லியோ ஜேம்ஸின் குழு கண்டது. ஆன்டிபாடியைப் பிடிக்கும் புரதத்துக்கே ஆன்டிபாடி! இதை நினைத்து நான் வியக்காத நாளில்லை.

ஆனால் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு ரோ முக்கியமாவது குழந்தைகளால். ரோ ஆன்டிபாடி தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகும். தாயின் இதயத்தை அநேகமாக ஒன்றும் செய்யாத அது, வளர்ந்துகொண்டிருக்கும் இதயத்தில் துடிப்பைக் கடத்தும் திசுவைச் சேதப்படுத்திவிடக்கூடும். இதயம் உருவாகும்போது திட்டமிட்டுச் சாகும் செல்களின் மேற்பரப்பில் ரோ வெளியே வருகிறது, ஆன்டிபாடி அதன்மேல் உட்காருகிறது, அழற்சி கிளம்பித் தழும்பாகிறது என்று நியூயார்க்கில் ஜில் பையோனின் குழு பல ஆண்டுகளாகக் காட்டிவருகிறது. தோல் செல்லின் கொப்புளத்தில் நடந்த அதே கதை. ரோ பாசிட்டிவ் தாய்மார்களில் இப்படி நேர்வது ஏறத்தாழ 2 சதவீதம் பேருக்குத்தான். ஒரு குழந்தைக்கு நேர்ந்திருந்தால் அடுத்த கர்ப்பத்தில் அது 16 முதல் 18 சதவீதம் வரை ஏறுகிறது. பெரும்பாலும் 18 முதல் 24-ஆவது வாரத்துக்குள் ஆரம்பிக்கிறது. துடிப்பு கடக்கும் பாதையில் முழு அடைப்பு வந்துவிட்டால் திரும்பாது, பல குழந்தைகளுக்குப் பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருக்கும். தனக்கு எந்த நோயும் இருப்பதாகவே தெரியாத தாய்க்கு, ஸ்கேனில் குழந்தையின் துடிப்பு மெதுவாக இருக்கிறது என்று பார்த்த பிறகு ரோ டெஸ்ட் எடுத்துப் பாசிட்டிவ் வருவதும் நடக்கிறது. அப்படி வரும் சாம்பிள்களின் கேஸ் ஷீட்டைப் படிக்கும்போது மனசு கனத்துப்போகும்.

2020-இல் பீட்டர் இஸ்மிர்லியும் பையோனும் வெளியிட்ட ஆய்வில், முன்பு இப்படி ஒரு குழந்தை பெற்றிருந்த தாய்மார்கள் 10-ஆவது வாரத்துக்குள் தினம் 400 மில்லிகிராம் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தொடங்கினார்கள். எதிர்பார்த்த 18 சதவீதத்துக்குப் பதிலாக 7.4 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி நேர்ந்தது. பழைய, விலை மலிவான மாத்திரை. அதனால் ரோ பாசிட்டிவ் என்ற ரிப்போர்ட் வீட்டில் இருக்கும் பெண்களே, உங்களுக்கு மூட்டுவலி நின்றுபோயிருந்தாலும், கல்யாணத்துக்கு முன்பு எப்போதோ எடுத்த டெஸ்ட் என்றாலும், அதைக் கோப்பில் பத்திரமாக வையுங்கள். குழந்தைக்குத் திட்டமிடும்போதே மகப்பேறு மருத்துவரிடமும் மூட்டுநோய் மருத்துவரிடமும் காட்டுங்கள். மாத்திரை எனக்கு வேண்டுமா, 16-ஆவது வாரத்திலிருந்து குழந்தையின் இதயத்துக்கு எக்கோ எத்தனை நாளைக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். புகுந்த வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்று பழைய ரிப்போர்ட்டை ஒளித்துவைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. வீட்டில் யாரிடம் சொல்வது என்பது உங்கள் விருப்பம். மருத்துவரிடம் மட்டும் மறைக்காதீர்கள், 10-ஆவது வாரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.